கோரைப்புல் நுழையும் இடம்

எங்கள் சுண்ணாம்புக்காரத் தெரு கடலைப் பார்த்துப் போய் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, பூங்காவின் நடுவில் ஒரு கருங்கல் மேடை இருக்கிறது, மேடையின்மேல் ஒரு வெண்கலப் புலி ஒரு வெண்கல மானின் கழுத்தைக் கவ்விக்கொண்டு படுத்திருக்கிறது, அந்த மான் ஒரு தவக்காலம் முழுக்க அந்த வாயைவிட்டு இறங்கி எங்கள் தெருவில் குடியிருந்தது.

புலியும் மானும் பாரீஸிலிருந்து கப்பலில் வந்தவை. அந்த ஊர்ச் சிற்பிகள் ராஜாக்களையும் சிறகு வைத்த சம்மனசுகளையும் செய்து சலித்துப்போய், மனுஷனுக்குள் இருக்கிற ஆசையையும் கோபத்தையும் பயத்தையும் மிருகங்களின் உடம்பில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. அவர்களில் ஒருவர் காட்டையே பார்த்ததில்லையாம். மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்கு முன்னால் நாள் கணக்காக உட்கார்ந்து வரைவாராம், கூண்டில் மிருகம் செத்துப்போனால் சொல்லியனுப்பச் சொல்லி, ஓடிப்போய் எலும்பையும் நரம்பையும் அளந்து எடுத்துக்கொள்வாராம். அவர் வார்த்ததை ஒரு அவுரி வியாபாரி வாங்கி வந்து புதுச்சேரியில் தன் தோட்டத்தில் வைத்தார், வியாபாரி போனார், தோட்டம் பூங்காவானது, புலி மட்டும் விடவில்லை.

அந்தச் சிற்பியின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருந்தது என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். புலியின் பல் மானின் கழுத்தில் பட்டும் படாமலும் இருக்கும். ஒரு கோரைப்புல்லைக் கிள்ளி மெதுவாக நுழைத்தால், பல்லுக்கும் கழுத்துக்கும் நடுவே அது இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரும். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த ஒரு புல் கனத்தில் மான் அத்தனை வருஷமும் உயிரோடு இருந்தது.

தவக்காலத்து முதல் சனிக்கிழமை காலையில் தோட்டக்காரர் தண்ணீர் விட வந்தபோது, புலியின் வாய் திறந்திருந்தது, மான் கீழே நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அது நனைந்துவிடாமல் ரப்பர் குழாயை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்து வேலையை முடித்தார். டீக்கடையில், தெற்குக் குழாயில் வாஷர் போய்விட்டது என்ற சங்கதியைச் சொல்லிவிட்டு, மான் இறங்கிவிட்டது என்பதையும் சொன்னார்.

அதற்குள் மான் தெருவுக்குள் வந்துவிட்டது. அதன் குளம்பு கல்லில் பட்ட சத்தம் பூசையில் நடுப்பூசை மணி அடிக்கிற மாதிரியே இருந்ததால், வாசல் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் பழக்கதோஷத்தில் விளக்குமாற்றோடு முட்டி போட்டுவிட்டார்கள். மான் யாரையும் பார்க்காமல் நடந்து, அமலோற்பவம் வீட்டு வாசலில் வைத்திருந்த கழுநீர்ப் பானையில் வாயை வைத்தது.

அமலோற்பவம் கணவரை இழந்தவர், மகள் செலினைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர், காலையில் ஒரு செபமாலையும் மாலையில் ஒரு செபமாலையும் சொல்லுகிறவர், பசி என்று எது வந்து நின்றாலும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்காதவர். மான் குடித்து முடிக்கிறவரைக்கும் நின்று பார்த்தார். கறுப்பும் பச்சையுமாக இருந்த அதன் முதுகில் விரலை வைத்துத் தேய்த்தார்.

"யார் பெத்த புள்ளையோ, இப்படிக் களிம்பு ஏறிக் கெடக்கே" என்றார்.

அன்றைக்குச் சனிக்கிழமை, பாத்திரம் துலக்குகிற நாள். ஊற வைத்த புளி முற்றத்தில் தயாராக இருந்தது. குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு மானையும் பிடித்து நிறுத்தி, காதுக்குள்ளும் வாலுக்கடியிலும் விடாமல் தேய்த்து, சாம்பல் போட்டு, தண்ணீர் ஊற்றினார். மான் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. வெயில் ஏறுவதற்குள் அது பொன்னாக நின்றது, தெருவே வந்து பார்த்து இதல்லவா மான் என்றது. கழுத்தில் மட்டும் பல் இருந்த இடத்தில் நாலு பள்ளம், எத்தனை தேய்த்தும் அங்கே கறுப்பு போகவில்லை.

மானோடு வாழப் பழக எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதன் கனத்துக்கு வாய்க்கால் பலகை உடைந்தது, அங்கே கடப்பைக் கல் போட்டோம். மத்தியானத்தில் தொட முடியாமல் காய்ந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு வேளையாக ஈரச் சாக்குப் போர்த்தினோம். கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், திருப்பலிக்குப் பின் மிஞ்சிய பூ, எல்லாம் தின்றது. அது போட்ட புழுக்கைகள் சின்னச் சின்ன வெண்கல உருண்டைகள், பிள்ளைகள் அவற்றை வைத்துக் கோலி ஆடினார்கள். மீன்காரி தனக்கோட்டி கூடையை இறக்கி வைக்கிற நேரத்தில் அது வந்து மோந்து பார்க்கும், "போ மதாம், நீ சைவம், உனக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்று அதன் மூக்கில் தட்டுவாள்.

செலின் ஊரின் மறுகோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் பஸ்கால் சொல்தா வீட்டுப் பையன், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பஸ்கால் கணக்கு வாத்தியார், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பவர், அவர் படித்தால் கிழவர்களுக்கும் காது கேட்கும். அப்படிப்பட்ட மாப்பிள்ளை கிடைத்ததற்கு அமலோற்பவம் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் நேர்ச்சை செலுத்தியிருந்தார்.

மான் இறங்கிய சேதி மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம், செலின் ஒரு கைப்பையோடு வந்தாள். வெயில் காலத்தில் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை வரலையா என்றுகூடக் கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார வைத்து முந்தானையை விலக்கியபோதுதான் பார்த்தார். நாலு விரல் பதிந்த இடம், கறுத்து.

"அடிக்கிறாரா?"

"அடிக்கிறதுகூட இல்லம்மா. கழுத்தைப் புடிச்சிக்கிட்டு அப்படியே நிப்பாரு. இறுக்கவும் மாட்டாரு, விடவும் மாட்டாரு. என்னமோ யோசிக்கிற மாதிரி நிப்பாரு. அப்புறம் போய் வாசகம் படிச்சுப் பாப்பாரு."

அமலோற்பவம் அந்த நாலு இடத்திலும் எண்ணெயைத் தொட்டு வைத்தார். செலின் முற்றத்தில் படுத்திருந்த மானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அத்தனை வருஷத்துக்கப்புறம் அதுவே எறங்கிடுச்சு. நான் எறங்கக் கூடாதா?"

அம்மா, இறங்கலாம் என்றார். இது உன் வீடு, நான் இருக்கிற வரைக்கும் யாரும் உன்னை ஏற்றிவிட மாட்டார்கள் என்று மாதா படத்துக்கு முன்னால் சொன்னார். அன்றையிலிருந்து மான் செலினின் பின்னாலேயே போனது; அவள் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, கோயிலுக்குப் போனால் கோயில் வாசல். அம்மா சனிக்கிழமை தோறும் மானுக்குப் புளி தேய்த்தார், செலினின் கழுத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். செலினின் கழுத்தில் இருந்த கறுப்பு மெதுவாக வெளிறிக்கொண்டு வந்தது.

இதெல்லாம் நல்லபடியாகவே போயிருக்கும், புலி மட்டும் வாயை மூடியிருந்தால்.

புலி மூடவில்லை. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மானோடு இருந்தவரைக்கும் யாருக்கும் புலியின் முகம் ஞாபகம் இல்லை, எல்லோரும் மானைத்தான் பார்ப்பார்கள். இப்போது புலி தனியாக, முன்னங்கால்களுக்கு நடுவே ஒன்றும் இல்லாமல், நாக்கில் மண் படிய, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. முதலில் ஒருவர் அதன் நாக்கைத் துடைத்துவிட்டார். ஒருவர் வெயிலுக்குக் குடை கட்டிவிட்டார். யாரோ பிஸ்கோத்து வைத்தார்கள். தனக்கோட்டி, "வாயத் தொறந்துகிட்டே கெடந்தா ஈ பூந்துடும்" என்று ஒரு சங்கரா மீனை வைத்துவிட்டுப் போனாள். மீன் அப்படியே காய்ந்தது. புலியின் விலா எலும்பு தெரிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. விலா எலும்பைச் சிற்பி அப்போதே வார்த்து வைத்ததுதான், ஆனால் அதற்குமுன் அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதே நாட்களில்தான் பஸ்கால் ஓட்டலில் சாப்பிடுகிறார் என்ற பேச்சும் வந்தது. சட்டை இஸ்திரி இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறார். வாசகம் படிக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டார். கோயில் சபையின் பெரியவர் கஸ்பார் மிசே அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சூப்புக் கொடுத்தாராம், அதில் கண்ணீர் விழுந்ததாம். புலியைப் பற்றித் தொடங்குகிற பேச்சு பஸ்காலில் போய் முடியும், பஸ்காலைப் பற்றித் தொடங்குகிற பேச்சு புலியில் போய் முடியும். செலினின் கழுத்தைப் பற்றியும் தெருவுக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. அது ஆறிவிட்டதல்லவா என்றார்கள்.

பிறகு கலைப்பொருட்களைப் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் வந்தார். மானைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். களிம்பு என்று நினைத்தீர்களா, அது களிம்பு இல்லை, அந்தச் சிற்பி திராவகமும் நெருப்பும் வைத்து ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனியாக ஏற்றிய நிறம், அதைப் போய்ப் பாத்திரம் மாதிரி துலக்கிவிட்டீர்களே என்றார். அமலோற்பவம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அழுக்குன்னு நெனச்சேன் ஐயா. மன்னிச்சிருங்க. காபி குடிக்கிறீங்களா?" என்றார். அதிகாரி காபி குடித்தார். நிறம் போனால் போகட்டும், உப்புக் காற்றில் பத்துப் பதினைந்து வருஷத்தில் தானாகக் கறுத்துவிடும், ஆனால் மான் மேடைக்குப் போகவேண்டும் என்றார். இது இரண்டு மிருகம் இல்லை, ஒரே சிலை, ஒன்றாக வார்த்தது, தனியாக இந்த மானுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்றார்.

கஸ்பார் மிசே அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர், ஊரில் எந்தச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பவர். குருத்து ஞாயிறு பூசை முடிந்து ஓலையும் கையுமாக எல்லோரும் சபைக் கூடத்தில் கூடியபோது, ஒன்றாய் வார்த்தது என்று அவர் மூன்று முறை சொன்னார், மானைப் பற்றிச் சொன்னபோது செலினைப் பார்த்தார், செலினைப் பற்றிச் சொன்னபோது மானைப் பார்த்தார். உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னால் இரண்டு காரியத்தையும் முடித்துவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கோயில் வாசலில் கூடை வைத்திருந்த தனக்கோட்டி மட்டும், சபையைச் சேராதவள், ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"புலிக்குப் பசின்னா மீன் நான் தரேன் மிசே. கூடை கூடையாத் தரேன். அந்த மானைத்தான் தரணுமா?"

"மீனை அது தொடலியே தனக்கோட்டி."

"அப்ப அதுக்குப் பசி இல்ல" என்றாள் தனக்கோட்டி. சந்தைக்கு நேரமாகிறது என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

அமலோற்பவம் எழுந்து வந்தார். மாதா படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையை அவர் மறக்கவில்லை. சபை சொன்னாலும் மிசே சொன்னாலும் தன் வாயால் போ என்று சொல்லக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். அவர் போ என்று சொல்லாமல் செலினை யாராலும் அந்த வாசலைத் தாண்டி அழைத்துப் போயிருக்க முடியாது, அது தெருவுக்கும் தெரியும். வரும் வழியில் பூங்கா இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்றார். புலியின் வாயில் காய்ந்த மீனும் நமுத்த பிஸ்கோத்தும் கிடந்தன. வாயைத் திறந்து நிற்கிற எதைப் பார்த்தாலும் ஊட்டிவிடத் தோன்றுகிற கை அவருடையது. கையில் இருந்த குருத்தோலையால் அதன் நாக்கைப் பெருக்கிச் சுத்தம் செய்தார். அதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவும் ஒரு தாய் பெற்றதுதானே என்று நினைத்தார். எதையும் யாரும் பெறவில்லை, எல்லாம் உலையில் ஊற்றியது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் பஸ்கால் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. மணிக்கட்டு மெலிந்து கடிகாரம் முழங்கைக்கு ஏறியிருந்தது. அத்தை என்று மட்டும் சொன்னார். அமலோற்பவம் இலை போட்டார். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல், மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். செலின் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் மான் நின்று பார்த்தது.

கை கழுவ அவர் கிணற்றடிக்குப் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "பாரு புள்ள, எப்படி எளைச்சுப் போயிட்டாரு."

"பார்த்தேம்மா."

"பாவமா இருக்கு."

"எனக்கும் பாவமாத்தாம்மா இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு."

அமலோற்பவம் மகளின் கன்னத்தைத் தடவினார். கழுத்தைப் பார்த்தார், வெளிறிப் போயிருந்தது, தேடினால்தான் தெரியும். மாதா பார்த்துக்கொள்வாள் என்றார். இந்த ஒரு தடவை போய்ட்டு வா என்றார். செலின் சரிம்மா என்று சொல்லி, கைப்பையைத் தேடப் போனாள்.

அனுப்பி வைத்ததை எங்கள் தெரு குறைவாகச் செய்யவில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் காலை, தவக்காலம் என்பதால் பேண்டு வைக்கவில்லையே தவிர, முறுக்கும் அதிரசமும் தட்டில் வந்தன, செலினுக்குப் பட்டுப்புடவை, மானுக்கு மல்லிகை மாலை. அமலோற்பவம் கடைசியாக ஒரு தடவை மானுக்குப் புளி தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார், கண் கூசியது. மான் வேறு யார் இழுத்தாலும் வராது என்பதால் செலின்தான் முன்னால் நடந்தாள். மணியடிக்கிற மாதிரி குளம்புச் சத்தம் தெரு நெடுகப் போனது, இந்தத் தடவை யாரும் முட்டி போடவில்லை.

மேடைக்குப் படி வைத்திருந்தார்கள். செலின் ஏறினாள், மான் ஏறியது. புலியின் முன்னங்கால்களுக்கு நடுவே அது பழைய இடத்தைக் கண்டுபிடித்து, முட்டியை மடக்கி, தலையைச் சாய்த்துப் படுத்தது. செலின் அதன் கழுத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். கீழே காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்கால் பொறுமையாக நின்றார்.

"கையை எடும்மா" என்றார் கஸ்பார் மிசே, மிருதுவாகத்தான் சொன்னார்.

எடுத்தாள். நகைப்பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினோம்.

மறுநாள் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் பூங்காவுக்கு ஓடினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து, கோரைப்புல் நுழையவில்லை என்றார்கள். சரியாக நுழைக்கத் தெரியாமல் சொல்கிறார்கள் என்று பெரியவர்கள் போனார்கள். புல் நுழையவில்லை. நூல் நுழையவில்லை. பல் இருந்த இடத்தில் பல் இருந்தது, கழுத்து இருந்த இடத்தில் கழுத்து இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. அதிகாரியிடம் சொன்னபோது அவர் பழைய படங்களைப் பார்த்துவிட்டு, எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்றார். கொஞ்ச நாளில் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

அமலோற்பவம் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கிண்ணத்தில் புளியோடு பூங்காவுக்குப் போய், படியில் ஏறி, கறுத்த புலியின் வாய்க்குள் கையை விட்டு மானைத் தேய்த்தார். காவலாளி கண்டுகொள்ளவில்லை. இருட்டு வாய்க்குள் மான் மட்டும் ஏற்றி வைத்த விளக்கு மாதிரி எரிந்தது, கடற்கரை ரோட்டிலிருந்தே தெரிந்தது. இத்தனை தேய்த்தால் பல்லுக்கும் கழுத்துக்கும் நடுவே தேய்ந்து ஒரு புல் கனம் விடும் என்று அவர் நம்பினார் போலிருக்கிறது. கேட்டால், அழுக்காகிவிடுகிறதே என்பார்.

ஆகஸ்டு மாதா திருநாளுக்கு செலினும் பஸ்காலும் வந்தார்கள். செலின் பூசினாற்போல் நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். முந்தானை கழுத்தைச் சுற்றி இருந்தது. பஸ்கால் கஸ்பார் மிசேயோடு பேசிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் மட்டும் பூங்காவுக்குள் வந்தாள். அம்மா மேடைமேல் இருந்தார், புளித் தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. செலின் ஏறிப் போய் அவர் கையிலிருந்த புளியை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் குரல் இப்போதெல்லாம் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"விடுங்கம்மா. பளபளன்னு இருந்தா தூரத்துலேருந்தே எல்லாருக்கும் தெரியுது. கறுத்துப் போவட்டும்."

அமலோற்பவம் அப்புறம் தேய்க்கவில்லை. உப்புக் காற்று தன் வேலையைச் செய்தது. பத்துப் பதினைந்து வருஷம் வேண்டியிருக்கவில்லை, நாலு மழைக்காலம் போதுமாக இருந்தது. இப்போது வருகிறவர்களுக்கு மான் எங்கே முடிகிறது, புலி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அவர் இன்னும் சனிக்கிழமை தோறும் கொஞ்சம் கூடுதலாகவே புளி ஊற வைக்கிறார், பாத்திரமெல்லாம் துலக்கியபின் மிஞ்சியதை வாசல் வாய்க்காலில் ஊற்றிவிட்டு, அந்தக் கடப்பைக் கல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போகிறார்.

புலியின் நெற்றி மட்டும் பொன்னாக மின்னுகிறது. அதை யாரும் துலக்குவதில்லை. கடற்கரைக்குப் போகிற எல்லோரும், பாவம் ஒரு காலத்தில் பட்டினி கிடந்தது என்று, போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் தடவிக்கொடுத்ததிலேயே அது அப்படி ஆகிவிட்டது.